எட்டுப் பேர் படகும் நாலு பேர் படகும்

ஜனவரி 9

பெரியவளுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உன் தொண்டைக்கட்டு விட்டதா? வெந்நீர் குடி என்று அம்மா மூன்று முறை எழுதச் சொன்னாள். தாளை மிச்சம் பிடிக்க ஒரு முறை எழுதுகிறேன், நீ மூன்று முறை படித்துக்கொள்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். கடிதத்தை அப்படிப் பிடுங்க முடியாது. தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கத்தான் முடியும். இப்போதும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாள்.

விஷயம் என்னவென்றால், நான் ஒரு மோட்டார் படகு வாங்கப்போகிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டினேன். அதில் பாதிக் காலம் ஏரிக்கரை ரோடு. ஒரு நாளைக்கு ஆறு தடவை அந்த ஏரியைத் தாண்டுவேன். எந்த நேரம் பார்த்தாலும் நடுத்தண்ணீரில் எவனாவது ஒருவன் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படகில் கிடப்பான். எனக்குப் பின்னால் ஐம்பது பேர் "சீக்கிரம் போய்யா" என்று கத்திக்கொண்டிருப்பார்கள். அன்றே முடிவு செய்தேன், ஓய்வு பெற்றதும் நானும் அப்படிக் கிடக்கவேண்டும் என்று. படகு லைசென்ஸ் பரிட்சையும் பாஸ் செய்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்பையே இரண்டு தடவை படித்தவன், இதை ஒரே தடவையில் முடித்தேன் என்பதைக் குறித்துக்கொள்.

ஏரிக்கரைப் படகுக் கடையில் பழைய படகு இரண்டு விலைக்கு நிற்கின்றன. ஒன்று இருபத்திரண்டு அடி. எட்டுப் பேர் உட்காரலாம். முன்பக்கம் சின்ன அறை, அதில் இரண்டு பேர் படுக்கலாம், பாத்திரம் கழுவ ஒரு தொட்டிகூட இருக்கிறது. இன்னொன்று பதினான்கு அடி. நாலு பேர், நாலு பேருடைய முழங்கால், அவ்வளவுதான். கூரையும் கிடையாது.

எனக்குப் பெரியதின் மேல்தான் கண். உன் யோசனை என்ன? தம்பிக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அப்பா


ஜனவரி 21

அன்புள்ள அப்பாவுக்கு,

தொண்டை சரியாகிவிட்டது. வகுப்பில் பிள்ளைகளுக்குத்தான் அதில் வருத்தம். அம்மாவின் கால் வீக்கம் குறைந்ததா?

சிரித்து முடிக்கப் பத்து நாள் ஆனது, அதனால்தான் பதில் தாமதம். இனி கணக்கு டீச்சராகப் பேசுகிறேன். வருஷத்தில் முந்நூற்றைம்பது நாள் வீட்டில் இருப்பது நீங்கள் இரண்டு பேர். எட்டு சீட்டில் ஆறு காலி. காலி வண்டியை ஓட்டினால் டிப்போவில் உங்களைக் கேள்வி கேட்பார்களா மாட்டார்களா? அதோடு, அம்மா படகுக்குள்ளேயும் போய்ப் பாத்திரம் கழுவவா?

கோடை விடுமுறையில் நான் ஒரு வாரம் வருவேன். அவன் எப்போது வருகிறானோ அப்போது வரட்டும். இரண்டு பேரையும் ஒரே வாரத்தில் கூப்பிடாதீர்கள். அப்படிப் பார்த்தால் எந்த நாளிலும் படகில் மூன்று பேருக்கு மேல் இல்லை. சின்னப் படகே போதும்.

வெயிலில் தொப்பி இல்லாமல் அலையவேண்டாம்.

உங்கள் மகள்


ஜனவரி 27

அப்பாவுக்கு,

நாள் முழுக்கக் குளிர் அறைக்குள்ளேயே வேலை. வெளியே வந்தால்தான் உடம்பு சுடுகிற மாதிரி இருக்கிறது. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்களும் அம்மாவும் நன்றாக இருக்கவேண்டும்.

பெரிய படகின் எஞ்சின் தரைக்கு அடியில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது மக்கர் செய்தால் தலைகீழாகத் தொங்கித்தான் கை வைக்க முடியும். தொங்கப்போவது நீங்கள் இல்லை. "குளிர்சாதன மெக்கானிக்தானேடா நீ, எல்லா மெஷினும் ஒண்ணுதான்" என்று என்னைத் தொங்கவிடுவீர்கள். சின்னதின் எஞ்சினைக் கழற்றி மடியில் வைத்துப் பார்க்கலாம்.

அதோடு, நான் வந்தால் நீங்கள், அம்மா, நான். அக்கா வந்தால் நீங்கள், அம்மா, அவள். எப்படிக் கூட்டினாலும் எட்டு வரவில்லை. சின்னதையே வாங்குங்கள்.

அக்காவுக்குத் தொண்டை சரியில்லை என்று அம்மா சொன்னாள். எப்படி இருக்கிறது? நான் கேட்டதாகச் சொல்லவேண்டாம்.

உங்கள் மகன்


பிப்ரவரி 8

பெரியவளுக்கு,

அம்மாவின் கால் வீக்கம் வடிந்துவிட்டது. எனக்குத்தான் இடது முட்டியில் ஒரு காயம். எப்படி என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. நீயும் தம்பியும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் இரண்டு பேரும் பார்த்து எழுதின மாதிரி ஒரே பதிலை எழுதியிருக்கிறீர்கள். பரிட்சை ஹாலாக இருந்தால் நீயே பிடித்திருப்பாய்.

போன ஞாயிறு பெரிய படகை ஓட்டிப் பார்க்கப் போனேன். துணைக்கு என் பழைய கண்டக்டர். கடைக்காரர் முதலிலேயே சொன்னார்: "ஐயா, இதுல பிரேக் கிடையாது."

"பின்ன எப்படிய்யா நிறுத்துறது?"

"நிறுத்தணும்னு ரொம்ப முன்னாடியே நினைக்கணும்."

போகும்போது ராஜா மாதிரி போனோம். திரும்பிக் கரைக்கு வரும்போது காற்று ஒரு தள்ளு தள்ளியது. என் கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்தது. அங்கே பிரேக் எங்கே இருக்கிறது? பலகைதான் இருக்கிறது. பின்சீட்டிலிருந்து கண்டக்டர் "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று கத்துகிறார். படகு என்ன கண்டக்டர் பேச்சைக் கேட்குமா? கரையில் கட்டித் தொங்கவிட்டிருந்த பழைய டயரில் போய் முட்டி நின்றது. என் முட்டியும் எதிலேயோ முட்டி நின்றது.

"ரோட்டுலயே ஸ்டாப்பிங் தாண்டித்தான் நிறுத்துவாரு. தண்ணியில மட்டும் என்னத்த நிறுத்தப்போறாரு" என்று கண்டக்டர் கடைக்காரரிடம் சொன்னார். முப்பது வருஷ சிநேகம் இப்படித்தான்.

இருந்தாலும் எனக்குப் பெரியதுதான் சரி என்று படுகிறது. நாளைக்கே உனக்கும் தம்பிக்கும் கல்யாணம் ஆகும், குழந்தை குட்டி வரும், எட்டு சீட்டும் போதாமல் கண்டக்டரை நீந்தி வரச் சொல்லவேண்டியிருக்கும். யோசித்து எழுது.

முட்டிக்கு மருந்து தடவிக்கொண்டிருக்கும்
அப்பா


பிப்ரவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிக்குத் தடுப்பூசி போட்டீர்களா? துருப்பிடித்த எதிலாவது பட்டிருந்தால் போட்டுவிடுங்கள்.

நீங்கள் எதற்காகப் பெரிய படகு கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக ஏற்றிவிடவேண்டும், தண்ணீருக்கு நடுவில் இறங்கி ஓட முடியாது என்பதுதானே? அப்பா, அது நடக்காது.

அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்து, சீழ் பிடித்து, இரண்டு நாள் கண்ணே திறக்கவில்லை. அந்த இரண்டு நாளும் நீங்களும் நானும் அந்த ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் இருந்தோம். "தம்பிக்குச் சொல்லிட்டீங்களாப்பா?" என்று கேட்டேன். "சொல்லிட்டேம்மா. வேலை இருக்காம், வரமுடியலையாம்" என்றீர்கள். நீங்கள் அதைச் சொன்னபோது உங்கள் முகம் இருந்த இருப்பை நான் மறக்கமாட்டேன். எனக்காகக் கோபப்படவில்லை. அந்த முகத்துக்காகத்தான் அவன் மேல் கோபம்.

பதினைந்து நாள் கழித்துப் பழப்பையோடு வந்து நின்றானே, அவனோடு நான் எப்படி ஒரே படகில் உட்காருவேன்? மற்ற எதையும் கேளுங்கள், செய்கிறேன். இதைக் கேட்காதீர்கள்.

அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டவேண்டாம்.

உங்கள் மகள்


மார்ச் 24

பெரியவளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பேனா கிடைக்கவில்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன், நீ நம்பமாட்டாய்.

பெரிய படகுக்கு வேறு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனாராம். நீல வர்ணம் அடித்துத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். வெள்ளைதான் நல்லது என்கிறார் கண்டக்டர். முட்டி ஆறிவிட்டது. ஊசியும் போட்டாயிற்று.

நீ எழுதியதைப் படித்தேன். நாலைந்து தடவை படித்தேன். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

அப்பா


ஏப்ரல் 12

பெரியவளுக்கும் சின்னவனுக்கும்,

இதைத் தனித்தனித் தாளில் இரண்டு தடவை எழுதுகிறேன். எழுத்து மாறாமல் ஒரே கடிதம்தான். ஆளுக்கு ஒன்று வரும்.

போன ஞாயிறு அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெரிய படகைப் பார்க்கப் போனேன். அவள் அந்தச் சின்ன அறைக்குள் போய் உட்கார்ந்தாள். தொட்டிக் குழாயைத் திறந்து மூடினாள். "வீடு மாதிரியே இருக்கு. வீட்டுலேருந்து வெளிய வரத்தானே படகு வாங்குறீங்க?" என்றாள். நான் வெளியே டேப் வைத்து அளந்துகொண்டிருந்தேன். முன் மெத்தையிலிருந்து கடைசி சீட் வரைக்கும். பத்தொன்பது அடி. நடுவில் எஞ்சின் சத்தம் வேறு. பேசாத இரண்டு பேர் அந்தக் கோடியிலும் இந்தக் கோடியிலும் தாராளமாக உட்காரலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டியதில்லை. இதுதான் என் கணக்கு.

"என்னத்த அளக்குறீங்க?" என்றாள் அம்மா. சொன்னேன்.

"தூரத்துக்காகவா படகு வாங்குறீங்க? அதான் வீட்டுலயே நிறைய இருக்கே" என்றாள். எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. அறைக்குள் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆபரேஷன் அன்று தம்பிக்குப் போன் செய்தேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது அவனுக்கு. பதறி ஓடிவந்தால் வேலை போய்விடும் என்று பயந்தேன். "அம்மாவுக்கு வயித்து வலிடா. ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடுவா. நீ வராதே" என்றேன். இரண்டு தடவை "வரட்டுமாப்பா?" என்று கேட்டான். இரண்டு தடவையும் வராதே என்றேன்.

மறுநாள் அம்மா கண் திறக்கவில்லை. பெரியவள் பெஞ்சில் வைத்துக் கேட்டாள். நான் அவனிடம் பொய் சொன்னேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அந்த நிமிஷமே போன் செய்வாள், அவன் அடித்துப் பிடித்துக் கிளம்புவான், வழியில் என்ன ஆகுமோ என்று ஏதேதோ ஓடியது. வேலை இருக்காம் என்று சொல்லிவிட்டேன். பெரியவளே, என் முகத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அது மகன் வரவில்லையே என்ற முகம் இல்லை. பொய் சொன்னவனுடைய முகம்.

அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்ததும் சொல்லியிருக்கலாம். அவன் வாசலுக்கு வந்தான். "செத்திருந்தா வந்திருப்பியா?" என்று நீ கத்தினாய். அவன் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். வார் நன்றாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் நீங்கள் ஒருவரையொருவர் என்னென்ன சொல்லிக்கொண்டீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவ்வளவையும் சொல்ல வைத்தது நான்.

அம்மா கேட்டுவிட்டுத் தொட்டிக் குழாயை மறுபடி திறந்து மூடினாள். அப்புறம், "அவன் ஏன் வரலைன்னு நான் உங்ககிட்ட ஒரு நாளும் கேக்கல. கேட்டா உங்களுக்கு வருத்தமா இருக்கும்னு. ரெண்டு வருஷம் எனக்குள்ளயே வச்சிருந்தேன்" என்றாள். படகை ஒரு தடவை சுற்றிப் பார்த்து, "இவ்வளவு பெரிய படகு எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது. இந்தப் பொய்யையும் ஏத்திக்கிட்டுப் போகணுமில்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்து தாளும் பேனாவும் எடுத்து வைத்து, எதிரே உட்கார்ந்திருக்கிறாள். இப்போதும் உட்கார்ந்திருக்கிறாள்.

இந்தக் கடிதத்தில் உடம்பை விசாரிக்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நன்றாக இருங்கள்.

அப்பா


ஏப்ரல் 20

அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? அம்மாவிடம் கேட்டேன், ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றாள். சாப்பிடுங்கள்.

எனக்குத் தெரியும் அப்பா. அன்றைக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. நீங்கள் அவளிடம் வேறு ஏதோ சொல்லியிருக்கிறீர்கள் என்று. நான் நடந்ததைச் சொல்லியிருந்தால் அக்கா உங்களோடு பேசியிருக்கமாட்டாள். என்னோடு பேசாவிட்டால் பரவாயில்லை, நான் தூரத்தில் இருக்கிறவன். அவள் ஒரு வாரம் பேசாவிட்டால் உங்களால் தாங்க முடியாது.

என்னை நல்லவன் என்று நினைக்கவேண்டாம். உங்கள் மேல் கோபம் நிறைய இருந்தது. எனக்கும் அவள் அம்மாதான், அந்தப் பெஞ்சில் எனக்கும் இடம் இருந்தது. அதை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். இதை எழுதிவிட்டேன், இனி பாதிக் கோபம்தான் பாக்கி.

அக்காவிடம் அன்று நானும் கேவலமாகப் பேசினேன். "ஆஸ்பத்திரியில கூட இருந்ததையே பெரிய தியாகமா காட்டிக்காதே" என்றேன். அதற்கு நீங்கள் பொறுப்பு இல்லை.

ஜூன் மூன்றாவது வாரம் எனக்கு லீவு.

உங்கள் மகன்


மே 22

பெரியவளுக்கு,

நாற்பது நாள் ஆகிறது. போனில் அம்மாவிடம் பேசுகிறாய் என்று தெரியும். நீ பேசும்போது நான் கூடத்தில் பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்னைக் கேட்கவில்லை என்பதும் தெரியும். கேட்காதது சரிதான்.

சின்னப் படகை வாங்கிவிட்டேன். பெரியதை வேறொருவர் கொண்டுபோய்விட்டார். நான் முந்திக்கொள்ளப் பார்க்கவில்லை.

தம்பி ஜூன் மூன்றாவது வாரம் வருகிறான். உனக்கும் அதே வாரத்தைத்தான் எழுதுகிறேன். உனக்கு ஒரு வாரம் அவனுக்கு ஒரு வாரம் என்று பிரித்துக் கூப்பிட எனக்கு இனி மனசு வராது. முடியாது என்று நீ எழுதினால் ஏன் என்று கேட்கமாட்டேன்.

பரிட்சைத்தாள் திருத்தும் சமயம், கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அப்பா


மே 30

அப்பாவுக்கு,

கண் நன்றாக இருக்கிறது. கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

தம்பிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பதினோரு தாளைக் கிழித்துப் போட்டேன். இரண்டு வருஷம் அவனை நான் என்னவெல்லாம் நினைத்திருக்கிறேன் என்று அவனுக்கு எப்படி எழுதுவது? அவன் என்னைத் திருப்பித் திட்டியதோடு சரி, ஒரு வார்த்தை உங்களைச் சொல்லவில்லை. என் தொண்டையை அவன் விசாரித்ததாக அம்மா இப்போதுதான் சொல்கிறாள்.

எழுத வரவில்லை. நேரில்தான் வரவேண்டும். இங்கே ஜூன் கடைசி வரை பள்ளி விடுமுறை, பதினாறாம் தேதி ரயிலில் கிளம்புகிறேன். ஸ்டேஷனுக்கு நீங்கள் வரவேண்டாம். அவனை அனுப்புங்கள்.

உங்கள் மகள்


ஜூலை 6

பெரியவளுக்கும் சின்னவனுக்கும்,

இரண்டு பேரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த சேதி கிடைத்தது. அம்மா சௌக்கியம்.

அந்த வெள்ளிக்கிழமை கரையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். மிதவைச் சட்டை ஒன்றை மறந்துவிட்டேன் என்று எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் படகு இல்லை. "நான்தான் ரெண்டு பேரையும் போகச் சொன்னேன்" என்றாள் அம்மா. "நாலு பேர் படகுடி அது" என்றேன். "இன்னைக்கு ரெண்டு பேர் படகு" என்றாள்.

நடு ஏரிக்குப் போனதும் சத்தம் நின்றுபோனது. எஞ்சின் கெட்டுவிட்டது, யாரையாவது கூப்பிடவேண்டும் என்று நான் ஓடப் பார்த்தேன். அம்மா சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். "கெடல. நிறுத்தியிருக்காங்க."

ஒருவர் கையை வீசிப் பேசுவது தெரிந்தது. அப்புறம் இன்னொருவர். அப்புறம் இரண்டு பேருமே கையை வீசினீர்கள். படகு ஆடியது, நான் மறுபடி எழுந்துவிட்டேன். அதற்கப்புறம் ரொம்ப நேரம் இரண்டு தலையும் குனிந்தே இருந்தன. மொத்தம் ஒன்றரை மணி நேரம். அங்கே என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

கரைக்கு வந்ததும், பெரியவளே, நீ கயிற்றை என்னிடம் எறிந்து, "பிடிச்சுக் கட்டுங்கப்பா" என்றாய். வந்து மூன்று நாளில் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. அந்த முடிச்சை நான் நாலு தடவை போட்டேன். வயசானவன், முடிச்சுப் போடத் தெரியவில்லை என்று நீங்கள் நினைத்திருக்கலாம்.

இனி இன்றைய சேதி. போன புதன்கிழமை எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கயிற்றை ஓங்கி இழுத்தேன். வலது தோளில் சுரீர் என்றது. இரண்டு நாள் அம்மாவிடமும் சொல்லவில்லை. சட்டை மாட்ட முடியாமல் நின்றதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். டாக்டரிடம் போனோம். தசைநார் கொஞ்சம் கிழிந்திருக்கிறது என்றார். மூன்று வாரம் கையைத் தூக்கக்கூடாது. அதற்குள் ஆறாவிட்டால் மறுபடி படம் எடுத்துப் பார்த்துத்தான் சொல்லமுடியும், ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம் என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் சொல்லவில்லை. அதனால் நானும் சொல்லவில்லை. படுக்கும்போது வலி அதிகம், உட்கார்ந்தால் பரவாயில்லை. சாப்பாடு இறங்குகிறது. கொஞ்சம் பயமாக இருக்கிறது.

கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். இரண்டாவது பிரதியை அம்மா எழுதுகிறாள். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

இதற்காக நீங்கள் கிளம்பி வரவேண்டிய அவசியம் இல்லை. வரவேண்டாம் என்று நான் எழுதவும் இல்லை.

அப்பா